என் வாயால் கிடைத்த விசா

எனக்கு வாய் கூட என்று சின்ன வயதிலிருந்தே பெயர். படிப்பித்த ஆசிரியைகள் சொன்னார்கள், அண்ணா சொன்னார், அண்ணாவுக்கு வாய்த்த மனைவி சொன்னது கொஞ்சநஞ்சமல்ல. நான் அதை ஒரு குறையாக எடுத்ததில்லை. யாராவது ஒன்று சொன்னால் திருப்பிச் சொல்ல என்னிடம் ஒன்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது. என் கணவருக்கு அரபு நாட்டு விசா கிடைத்ததும் இந்த வாயால்தான்.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகிச் சில வருடங்கள். திருகோணமலை உள்துறைமுகக் கரையில், மீன்பிடிப் படகுகளும் இழுவைப் படகுகளும் திருத்துகிற ஒரு தனியார் வேலைத்தலத்தில் நான் ஆங்கில டைப்பிஸ்ட். அவர் அங்கே வெல்டர். என் மேசைக்கு முன்னால் இருந்த யன்னலால் பார்த்தால் அவர் இரும்பு ஒட்டுகிற மேடை தெரியும். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் கல்யாணமும் நடந்தது. “இங்கிலீசில கடிதம் அடிக்கிறவள் இரும்பு ஒட்டுறவனையோ கட்டப்போறாய்?” என்று கேட்டு அண்ணா ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. பிறகு மனம் இளகி, அன்புவழிபுரத்தில் இருந்த தன் வீட்டில் எங்களுக்கு ஒரு அறையைத் தந்தார்.

அந்த அறைதான் வினையாகப் போனது. அண்ணி கெட்டவள் அல்ல. ஆனால் குசினி அவளுடையது. அவள் சமைத்து முடித்து அடுப்பைத் துடைத்த பிறகுதான் நான் உள்ளே போகலாம். கிணற்றடியில் உடுப்புத் தோய்த்தால், “சவர்க்காரத் தண்ணி எல்லாம் வாழைக்குப் போகுது” என்று யாருக்கோ சொல்வது போலச் சொல்வாள். அவளுடைய ஊரான திரியாயிலிருந்து ஆட்கள் வந்து நின்றால் நாங்கள் மூவரும் பாயைச் சுருட்டிக்கொண்டு விறாந்தைக்கு வர வேண்டும். எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது. அப்படி விறாந்தையில் படுத்திருந்த ஒரு நாள், “அம்மா, எங்கட வீடு எங்க இருக்குது?” என்று கேட்டாள். அண்ணிக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும். பிள்ளைக்கு என்ன சொல்வது? அன்றைக்குப் பிடித்தது எனக்கு வீட்டுப் பைத்தியம்.

ஆனால் வேலைத்தலம் இருந்த நிலையில் வீட்டைக் கனவிலும் கட்ட முடியாது. துறைமுகத்துக்குக் கப்பல் வருவது குறைந்து, கிழமையில் பாதி நாள் மேடைகள் சும்மா கிடந்தன. அந்த நேரத்தில்தான் கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்து ஆட்கள் அரபு நாடுகளுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். யார் வீட்டுக் கூரை ஓலையிலிருந்து ஓட்டுக்கு மாறியிருக்கிறது என்பதுதான் துறையடியில் அன்றாடக் கதை. கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு ஏஜன்ற் எங்கள் முதலாளியைத் தேடி வந்தார். அவரை எல்லோரும் நானா என்றே கூப்பிடுவோம். எண்ணெய் நிரப்பி வைக்கிற பெரிய தாங்கிகள் கட்டுகிற ஒரு வெளிநாட்டுக் கம்பனிக்கு வெல்டர்கள் வேண்டும் என்றார். கம்பனியே பொறுப்பு நின்று இரண்டு வருட விசா எடுத்துத் தரும். ஆனால் கம்பனியின் எஞ்சினியர் நேரில் வந்து, ஒட்டச் சொல்லிப் பார்த்துத்தான் ஆளை எடுப்பார். சோதனை எங்கள் வேலைத்தலத்தில், வேலை இல்லாத ஒரு நாளில் நடக்கும். எஞ்சினியருக்குத் தமிழ் தெரியாது, வெல்டர்களுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆகவே நடுவில் நின்று மொழிபெயர்க்க நான்.

“தங்கச்சி, நீங்க அவர்ர பொஞ்சாதி எண்டு அந்தாளுக்குத் தெரியப்படாது,” என்றார் நானா, குரலைத் தணித்து. “தெரிஞ்சா, சொந்த ஆளுக்குச் சார்பாக் கதைக்கிறீங்க எண்டு எல்லாரையும் தள்ளிப்போட்டுப் போயிருவான். மத்த ஆக்கள்ர வயித்திலயும் மண் விழும்.”

“எனக்கு விளங்குது நானா. அண்டைக்கு நான் ஒரு குழாய் மாதிரி. அங்கால ஊத்துறது இங்கால வரும்.”

“நீங்களோ, குழாயோ?” என்று அவர் சிரித்தார். சிரிப்பில் பயம் இருந்தது.

அன்று பின்னேரம் கணவரிடம் சொன்னேன். அவர் மண்ணெண்ணெயால் கை கழுவிக்கொண்டிருந்தார். “பாப்பம்,” என்றார். எதற்கும் அவருடைய பதில் அதுதான். அதை நான் எனக்கு வசதியாக ‘ஓம்’ என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

“ரெண்டு வருசம்தானே. கண்ணை மூடி முழிக்க முடிஞ்சிடும்,” என்றேன்.

“போறவனுக்கோ, இருக்கிறவைக்கோ?” என்று கேட்டார்.

பிறகு தன் அப்பாவின் கதையைச் சொன்னார். எனக்கு ஏற்கெனவே தெரிந்த கதைதான். அவருடைய அப்பா கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். இவர் தவழ்கிற காலத்தில் போனவர், இவர் பள்ளிக்கூடம் போகிற வயதில்தான் திரும்பி வந்தார். படலையடியில் ஒருவர் பெட்டியோடு நிற்பதைக் கண்ட இவர், “அப்பா கப்பலுக்குப் போயிட்டார். வீட்டில ஆம்பிளையள் இல்லை, பிறகு வாங்கோ,” என்று மரியாதையாகச் சொல்லிப் படலையைச் சாத்திவிட்டாராம். அவர்கள் வீட்டில் கல்யாணம், சடங்கு என்று கூடினால் இந்தக் கதையைச் சொல்லி வயிறு நோகச் சிரிப்பார்கள். அன்றைக்கும் நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு போனார். அவருடைய காதைப் பிடித்துக்கொண்டால்தான் அவளுக்கு நித்திரை வரும்.

சோதனை நாள் வந்தது. நானும் அவரும் வேறு வேறாகப் போனோம். அவர் சைக்கிளில் முன்னால் போக, நான் பஸ்ஸில் போய் இறங்கினேன். கப்பல்துறை, சீனக்குடா, கந்தளாய் என்று பல இடங்களிலிருந்தும் வெல்டர்கள் வந்து சுவரோரம் குந்தியிருந்தார்கள். எல்லோரும் தோய்த்து மடித்த சேட்டோடு வந்திருந்தார்கள், கோயிலுக்குப் போகிறவர்களைப் போல. எஞ்சினியர் எகிப்துக்காரர் என்று நானா சொல்லியிருந்தார். நரைத்த மீசை, வெள்ளைச் சேட்டு, சிரிப்புக்கு இடமில்லாத முகம். ஆனால் மரியாதை தெரிந்த மனிதர், என்னை இருத்தி ஒரு கதிரை போட்ட பிறகுதான் தான் இருந்தார். நாலு பேர்தான் தேவை என்றார். இங்கே நாலு பேர் தேறாவிட்டால் மீதியைக் கொழும்பில் எடுப்பாராம்.

முதலில் நிபந்தனைகளைச் சொன்னார். அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் எழுந்து நின்று தமிழில் சொன்னேன். விசா கம்பனியின் பெயரில். கம்பனியின் வேலையை விட்டால் அன்றோடு விசாவும் முடிந்தது. அங்கே போய் வேறு முதலாளியிடம் மாற முடியாது. கடவுச்சீட்டு கம்பனி அலுவலகத்தில் இருக்கும். மனைவி பிள்ளைகளைக் கூப்பிட முடியாது. இதையெல்லாம் என் கணவரின் முகத்தைப் பாராமல், எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

“அங்க மீன் கிடைக்குமோ எண்டு கேளுங்கோ,” என்றார் ஒருவர்.

கடல் பக்கத்தில்தான், ஆனால் உங்களுக்குக் கடலைப் பார்க்க நேரம் இருக்காது என்றார் எஞ்சினியர். சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும்போது என் கணவர் எழுந்தார்.

“மிஸ், ஐயாட்ட ஒருக்காக் கேளுங்கோ. இடையில ஒரு முறை வீட்டை வந்து போகலாமோ?”

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை மிஸ் என்று கூப்பிட்டதில்லை. எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. எஞ்சினியரிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன். “ரெண்டு வருசம் முடியுமட்டும் ஏலாது. செத்த வீடெண்டாலும் கம்பனி விட்டால்தான்.”

என் கணவர் தலையாட்டிவிட்டுத் திரும்பக் குந்தினார். அப்போதும் எனக்கு அவர் தேற வேண்டும் என்பதுதான் நினைப்பு. விறாந்தையில் சுருட்டி வைத்த பாய்தான் கண்ணுக்குள் நின்றது.

சோதனை தொடங்கியது. ஆளுக்கு இரண்டு இரும்புத் தகடு. அதை நிமிர்த்தி வைத்து, கீழிருந்து மேலாக ஒட்ட வேண்டும். கொஞ்சம் ஆறியதும் மேலே படிந்த கசட்டைத் தட்டிவிட்டு, கம்பிப் பிரசால் தேய்த்து வைக்க வேண்டும். எஞ்சினியர் டோர்ச் அடித்துப் பார்ப்பார். பிறகு இடுக்கியில் இறுக்கிப் பெரிய சுத்தியலால் அடித்து வளைப்பார். வெடித்தால் ஆள் வெளியே. கப்பல்துறையிலிருந்து வந்தவருடையது முதல் அடியிலேயே வெடித்தது. அவர் அந்தத் துண்டைக் கையில் எடுத்து, அது தன்னுடையதுதானா என்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அடுத்த ஆள்,” என்று சொல்ல வேண்டியவள் நான். ஒவ்வொரு முறையும் அந்தச் சொல் என் வாயிலிருந்துதான் வந்தது. போகிறவர்கள் எஞ்சினியரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மத்தியானம் திரும்பும்போது மூன்று பேர் தேறியிருந்தார்கள். இன்னும் ஒரு இடம். என் கணவர்தான் கடைசி ஆள்.

அவர் முகமூடியை இறக்கினார். நான் பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல ஒட்டு என்றால் சத்தம் ஒரே சீராக வரும், எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி. அவர்தான் எனக்கு அதைச் சொல்லித் தந்தவர். அன்றைக்குச் சத்தம் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. எனக்கு உயிர் வந்தது. கசட்டைத் தட்டினார், தேய்த்தார். பிறகு மேடைக்குக் கீழே குனிந்து, சிவப்புப் பெயின்ற் தகரத்தையும் பிரசையும் எடுத்து, ஒட்டின இடத்தை மேலிருந்து கீழாகப் பூசி மூடினார்.

எனக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. யன்னலால் வருடக்கணக்காக நான் பார்த்த காட்சி அது. எங்கள் துறைமுகத்தில் ஒட்டின இரும்பை யாரும் வெறுமையாக விடுவதில்லை. உப்புக் காற்று. பின்னேரம் பூசாமல் விட்டது விடியும்போது துருப்பிடித்துக் கிடக்கும், முதலாளி சாமி ஆடுவார். அதனால் சூடு முழுக்க ஆறுமுன்னமே பூசிவிடுவார்கள், அந்தச் சூட்டில் பெயின்றும் உடனே காய்ந்துவிடும். பிள்ளையைக் குளிப்பாட்டினால் உடனே தலை துவட்டுவதில்லையா, அது மாதிரி. நான் நானாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஏதோ பிழைத்துவிட்டது என்று தெரிந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

எஞ்சினியர் மேடைக்கு வந்தார். டோர்ச்சை எடுத்தவர், அடிக்காமலே திரும்பப் பையில் வைத்தார்.

“யார் பூசச் சொன்னது?”

மொழிபெயர்த்தேன். “ஒருத்தரும் சொல்லேல்ல,” என்றார் என் கணவர்.

“பிறகு ஏன் பூசினார்?”

“பழக்கம்.”

எஞ்சினியர் என் பக்கம் திரும்பினார். தன் அனுபவத்தில், ஒட்டின இடத்தில் பெயின்ற் பூசுகிறவன் ஓட்டையை மறைக்கிறவன் என்றார். இவர் வேண்டாம், நாலாவது ஆளைக் கொழும்பில் பார்த்துக்கொள்வேன், எல்லோருக்கும் நன்றி சொல்லுங்கள் என்றார்.

நான் திருப்பிச் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். என் கணவர் அதற்குள் கையைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். மற்றவர்கள் எழுந்து உடுப்பைத் தட்டினார்கள். எனக்குக் காது இரண்டும் சுட்டது. ஒரு சொட்டுப் பெயின்றால் என் வீடு போகிறது. அதைவிட, ஒட்டுவதில் இந்தத் துறையடியே மெச்சுகிற மனிதனைக் கள்ளன் என்று ஒருவர் சொல்கிறார், நான் அதைத் தமிழில் வேறு சொல்ல வேண்டுமாம்.

“ஐயா,” என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். “உங்கள் நாட்டில் இரும்பு எப்படியோ எனக்குத் தெரியாது. இங்கே பூசாமல் விட்டால் ஒரு இரவில் துருப்பிடிக்கும்.”

“நான் உங்களிடம் கேட்டது மொழிபெயர்ப்பு.”

“அதைத்தான் செய்கிறேன். அவர் ‘பழக்கம்’ என்று ஒரு சொல் சொன்னார். அதில் மிச்சம் இருப்பதைச் சொல்கிறேன். வெளியே கரையில் ஏற்றி வைத்திருக்கிற படகுகளைப் பாருங்கள். பூசாத ஒட்டு ஒன்று காட்டினால் நான் வாயை மூடிக்கொண்டு போகிறேன். மறைத்தார் என்று சந்தேகமா? சுரண்டிப் பாருங்கள். சுரண்டாமல் தள்ளினால் நீங்கள் பார்த்தது பெயின்றைத்தான், ஒட்டை அல்ல.”

ஆங்கிலம் விளங்காதவர்களுக்கும் என் தொனி விளங்கியிருக்கும். எஞ்சினியர் என் கணவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இந்த ஆள் உங்களுக்கு யார்?”

அவ்வளவு ஆங்கிலம் நானாவுக்குத் தெரியும். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினார். தேறின மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவர்களுடைய விசாவும் இப்போது என் நாக்கு நுனியில். யாருமில்லை, ஒரே இடத்தில் வேலை செய்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய் இல்லை. ஆனால் அவ்வளவு பேருக்கு முன்னால், தலை குனிந்து கை துடைத்துக்கொண்டு நிற்கிற மனிதனை யாரோ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“என் கணவர்,” என்றேன். “அதனால்தான் அவருடைய வேலை எனக்குத் தெரியும். அதனால்தான் என்னை நம்பச் சொல்லவில்லை, சுரண்டிப் பார்க்கச் சொல்கிறேன்.”

நானா கண்ணை மூடி “யா அல்லாஹ்” என்றார்.

“உங்கள் வீட்டில் யார் முதலாளி என்று தெரிகிறது,” என்றார் எஞ்சினியர். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. பிறகு, “சரி, சுரண்டச் சொல்லுங்கள்,” என்றார்.

“சுரண்டட்டாம்,” என்றேன் கணவரிடம்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “விடு,” என்றார் மெல்ல. “வேண்டாம், விடு.”

அவருக்கு ரோசம் வந்துவிட்டது என்று நினைத்தேன். “சுரண்டுங்கோ!” என்று அதட்டினேன். பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் உளியை எடுத்து, கதவு நிலைக்குப் பழைய பூச்சு எடுக்கிறவரைப் போல, மெது மெதுவாகச் சுரண்டினார். பறித்து நானே சுரண்டிவிடலாம் போல எனக்குக் கை துடித்தது. பெயின்ற் போன இடத்தில் ஒட்டு ஒரே அளவாக, நெருக்கமாக, ஒரு பிசிறில்லாமல் தெரிந்தது. எஞ்சினியர் தகட்டை இடுக்கியில் வைத்து இறுக்கினார். மற்றவர்களுக்கு அடித்ததைவிட இதற்குப் பலமாக அடித்தார் என்றே எனக்குப் பட்டது. நான் சேலைத் தலைப்பைச் சுருட்டிக் கையில் இறுக்கிக்கொண்டேன். தகடு வளைந்தது, வெடிக்கவில்லை. திருப்பி வைத்து மறுபடி அடித்தார். இரண்டு முனையும் ஒன்றையொன்று தொடுகிற வரைக்கும் வளைந்தது, வெடிக்கவில்லை.

“நாலாவது ஆள்,” என்றார் எஞ்சினியர், மூச்சு வாங்கியபடி.

நானா ஓடி வந்து என் கணவரைக் கட்டிப்பிடித்தார். பிறகு என்னிடம் வந்து, “குழாயாம், குழாய்!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டுச் சிரித்தார்.

வீட்டுக்கு அவருடைய சைக்கிளிலேயே போனேன். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? முன் பாரில் இருந்துகொண்டு வழி நெடுகக் கதைத்தேன். காணி எந்தப் பக்கம் பார்க்கலாம், குசினி எந்தத் திசையில் வைக்கலாம், கிணறு எங்கே, கதவுக்குத் தாழ்ப்பாள் எப்படி. அவர் பேசாமல் மிதித்தார். அவர் எப்போதும் பேசாதவர்தானே என்று நானும் விட்டுவிட்டேன். கண்டி வீதிக்கு ஏறின இடத்தில் ஒரு மர நிழலில் சைக்கிளை நிறுத்தினார்.

“இறங்கு, ஒரு கதை இருக்கு.”

இறங்கினேன்.

“நான் வேணுமெண்டுதான் பூசினனான்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை.

“ஒட்டினாப் பிறகு ஒண்டும் பூசப்படாது, அப்பிடியே விடோணும் எண்டு நானா காலமை, நீ வரமுன்னமே எல்லாருக்கும் சொன்னவர். எனக்கு மறக்கேல்ல.”

“அப்ப ஏன்?”

“போக மனமில்லை எண்டு உன்னட்டச் சொல்ல எனக்கு வாய் வரேல்ல. நீ வீடு வீடு எண்டு நிண்டனீ. அந்த மனிசன் தள்ளிவிட்டால் ஒருத்தரிலயும் குற்றமில்லாமப் போயிடும் எண்டு நினைச்சன்.”

“தள்ளுப்படத்தானே வேணும்? பிழையா ஒட்டியிருக்கலாமே!” என்று கத்தினேன்.

“அது எனக்கு ஏலாது,” என்றார்.

நடுவீதியில் நின்று அவரை ஏசினேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். சைக்கிளில் போனவர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். பிறகு அழுகை வந்தது. அவருடைய அப்பாவின் கதைக்கு அவர் சிரிக்காமல் இருந்தது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

“நாளைக்கே போய் நானாட்டச் சொல்லுறன், இவர் வரேல்ல எண்டு,” என்றேன்.

“வேண்டாம்.”

“ஏன் வேண்டாம்?”

“அத்தினை பேருக்கு முன்னால என்ர மனிசன் எண்டு சொன்னனீ. சுரண்டிப் பாருங்கோ எண்டு சொன்னனீ. எனக்காக ஒருத்தரும் அப்பிடிக் கதைச்சதில்லை. இனி நான் போகாட்டி உன்ர கதை பொய்யாப்போடும்.”

“போனால் போகட்டும்!”

“விடு. ரெண்டு வருசம்தானே,” என்றார். “கண்ணை மூடி முழிக்க முடிஞ்சிடும்.”

நான் அதற்கும் பதில் சொன்னேன். நாலு நாள் விடாமல் சண்டை பிடித்தேன். ஆனால் குசினிக்குள் அண்ணி அடுப்பைத் துடைக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம், இந்த மனிதர் என் பேச்சைக் கேட்டுவிடுவாரோ என்றும் பயந்தேன். இரண்டும் உண்மை. அவர் என் பேச்சைக் கேட்கவில்லை.

விசா வந்தது, கம்பனியின் பெயர் மேலே, அவருடைய பெயர் கீழே. புகையிரத நிலையத்தில் மகள் அவருடைய தோளில் நித்திரையாகிவிட்டாள், கை வழக்கம்போல் காதில். ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்து என்னிடம் தந்தார். அவள் முழிக்கவில்லை.

அந்த இரண்டு வருடத்தில் அன்புவழிபுரத்திலேயே, அண்ணா வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், காணி வாங்கி வீடு கட்டினேன். மேசனோடும் தச்சனோடும் நானே மல்லுக்கட்டினேன். இரண்டு அறை, ஒரு குசினி, எங்களுக்கென்று ஒரு கிணறு. குடிபுகுந்த அன்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, இதுதான் எங்கட வீடு என்று மகளிடம் சொன்னேன். அவள் அறைக்கு அறை ஓடினாள். சுவரில் அவளுடைய அப்பாவின் படத்தைக் கொழுவினேன், தலையில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக, ஒரு பெரிய தாங்கிக்கு முன்னால் நிற்கிற படம். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, அவள் அந்தப் படத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் போவாள். அதனால் எனக்குப் பயமில்லை. அப்பாவை மறக்காமல் வளர்த்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் லீவில் வந்தார். முடி முன்பக்கம் கொட்டி, முகம் கறுத்து, ஆள் மெலிந்திருந்தார். கம்பனிக்கு அவருடைய வேலை பிடித்துப்போய், விசாவை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டியிருந்தது. ஒரு மாதம் நின்றுவிட்டுத் திரும்ப வேண்டும். கொண்டு வந்த பொம்மையை நீட்டிக்கொண்டு மகளுக்கு முன்னால் குந்தினார். அவள் அதை வாங்கிக்கொண்டாள், நன்றியும் சொன்னாள், நான் பழக்கியபடி. பின்னேரம் அவர் புது வீட்டைச் சுற்றிப் பார்த்தார், யன்னல் கம்பிகளில் ஒட்டின இடங்களைத் தடவிப் பார்த்தார், கிணற்றடியில் குளித்தார், சாறம் மாற்றிக்கொண்டு வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தார். பொழுதுபடுகிற நேரம். மகள் குசினி வாசலுக்கு வந்து என் சேலையைப் பிடித்து இழுத்தாள். மெதுவாகத்தான் கேட்டாள், ஆனால் சின்ன வீடு, எல்லாம் கேட்கும்.

“அம்மா, இந்த மாமா ராவைக்கும் எங்கட வீட்டிலயோ படுக்கிறவர்?”

நான் வாயெடுக்கு முன்னம் விறாந்தையிலிருந்து அவர் பதில் சொன்னார்.

“ஓம் பிள்ளை. கொஞ்ச நாளைக்குத்தான்.”

பிறகு அவர் என்னைப் பார்த்தார். ‘நான் அண்டைக்கே சொன்னனான்’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், திருப்பிச் சொல்ல என்னிடம் எத்தனையோ இருந்தது. அவர் எழுந்து போய், சுவரில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக இருந்த தன் படத்துக்கு முன்னால் நின்றார்.